தோற்கத் தெரிந்த பிள்ளை

"என்னடா, ஜெயித்தாயா?"

டென்னிஸ் போட்டிக்குப் போய்விட்டு வீடு திரும்பும் பையனிடம் தகப்பனார் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பையன் தலை குனிந்து நிற்கிறான். "தோற்றுவிட்டேன், அப்பா" என்கிறான்.

"இதற்குத்தானா இவ்வளவு பணம் செலவழித்தேன்?" என்று அப்பா சீறுகிறார். பையன் சாப்பிடாமலே படுத்துக்கொள்கிறான்.

பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவதில் தவறு இல்லை. கேட்ட கேள்விதான் தவறு!

127 பேருக்குத் தோல்வி

கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் நடக்கும் விம்பிள்டன் போட்டி உலகப் புகழ் பெற்றது. ஆண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேர் களம் இறங்குகிறார்கள். கோப்பையைத் தூக்குகிறவர் ஒருவர். மற்ற 127 பேரும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவர்கள் எல்லோரும் உதவாக்கரைகளா? இல்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள்!

ஜெயித்தவர் கதையையும் பாருங்கள். சுவிட்சர்லாந்து வீரர் ரோஜர் பெடரர் 20 பெரிய பட்டங்களை வென்றவர். 2022-ம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 2024-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி விழாவில் அவர் ஒரு கணக்குச் சொன்னார். ஒற்றையர் ஆட்டங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 ஆட்டங்களை அவர் ஜெயித்தார். ஆனால் அவர் எடுத்த புள்ளிகளோ நூற்றுக்கு 54-தான்!

அவ்வளவு பெரிய வீரருக்கே கிட்டத்தட்டப் பாதிப் புள்ளிகள் தோல்வி. போன பந்தை மறந்துவிட்டு, வருகிற பந்தைப் பார்க்க வேண்டும். அதைத்தான் அவர் மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

கடைசிப் புள்ளி வரை

டென்னிசில் கடிகாரம் பார்த்து ஆட்டத்தை முடிப்பதில்லை. கால்பந்திலும் கபடியிலும் முந்தி நிற்பவர்கள் நேரத்தைக் கடத்தித் தப்பிவிடலாம். டென்னிசில் அது நடக்காது. கடைசிப் புள்ளியையும் ஆடித்தான் எடுக்க வேண்டும். ஆகவே பின்தங்கியவருக்கும் கடைசி வரை வழி உண்டு.

இதைச் செய்து காட்டியவர் ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். தகப்பனாரிடமே ஆட்டம் கற்றவர். 1954-ம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரை இறுதி வரை போனார்.

1966-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கல்கத்தாவில் டேவிஸ் கோப்பைப் போட்டி. இந்தியாவும் பிரேசிலும் ஆளுக்கு 2 ஆட்டம் ஜெயித்துச் சமமாக நின்றன. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் பிரேசில் வீரர் தாமஸ் கோச்சும் மோதினார்கள். 3 செட் எடுப்பவருக்கு வெற்றி. கோச் 2 செட் எடுத்துவிட்டார். கிருஷ்ணன் கையில் ஒன்றுதான். 4-வது செட்டிலும் கோச் 5-2 என்று முந்தினார். இன்னும் ஒரே ஒரு "கேம்" எடுத்தால் போதும். இந்தியாவின் கதை முடிந்துவிடும்!

கிருஷ்ணன் விடவில்லை. வரிசையாக 5 கேம்களைப் பிடித்தார். 4-வது செட் 7-5 என்று அவர் பக்கம் வந்தது. 5-வது செட்டை 6-2 என்று முடித்தார். இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது.

மெல்போர்ன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா 4-1 என்று ஜெயித்தது. அந்தத் தோல்வியால் கிருஷ்ணன் புகழ் மங்கிவிட்டதா? இல்லை. 1967-ம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது!

மனச்சாட்சியே நடுவர்

சிறுவர் போட்டிகள் பலவற்றில் நடுவர் பக்கத்தில் இருப்பதில்லை. தன் பக்கம் விழுந்த பந்து கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்று ஆடுகிறவனே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால், உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். அது விதி.

"தோற்றால் அப்பா திட்டுவார்" என்று நடுங்கும் பையன் என்ன செய்வான்? உள்ளே விழுந்த பந்தையும் "அவுட்" என்பான். கோப்பை வீட்டுக்கு வரும். பொய்யும் கூடவே வரும். இன்று பந்தில் பொய் சொன்னவன், நாளை பரீட்சையில் சொல்வான். பிறகு தொழிலிலும் சொல்வான்.

"ஜெயிக்கும் வெறி இல்லாவிட்டால் முன்னேற முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். ஜெயிக்கத்தான் ஆட வேண்டும். ஆனால் தோற்க அஞ்சக் கூடாது. அஞ்சுகிறவன் கை நடுங்கும். நடுங்கும் கையில் மட்டை நிற்காது.

பரீட்சை, வேலை, வியாபாரம் எல்லாவற்றிலும் தோல்வி ஒரு நாள் வாசலுக்கு வரத்தான் செய்யும். அதைச் சந்திக்கும் பழக்கத்தைப் பிள்ளை விளையாட்டிலேயே பெற்றுவிட்டால் எவ்வளவு நல்லது!

ஆகவே பையனோ பெண்ணோ, ஆடிவிட்டு வந்ததும் முதலில் சாப்பாடு போடுங்கள். பிறகு, "இன்றைக்கு எப்படி ஆடினாய்?" என்று கேளுங்கள்.

மறுநாள் காலையில், யாரும் சொல்லாமலே பிள்ளை மட்டையைக் கையில் எடுக்கும்!