அளந்த பிறகு விழுங்குவோம்

நம் விடுதி மெஸ்ஸில் எது குறைந்தாலும், மேசை இழுப்பறையில் நெஞ்செரிச்சல் மாத்திரை குறைவதில்லை. பழியைக் கடுகெண்ணெயின் தலையில் போட்டுவிட்டு, விடியற்காலையில் ஒன்றை விழுங்கி வகுப்புக்கு ஓடுகிறோம். மாதக்கணக்கில் இது நடக்கிறது. அமிலம் உண்மையிலேயே மேலே ஏறுகிறதா என்று அளந்து பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

அளக்க வழியில்லையா? 1957-ஆம் ஆண்டிலேயே மக்கேயும் யாக்கப்சனும் விழுங்கத்தக்க வானொலிக் குளிகை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரின் பெயரால் இரைப்பை அமிலத்தை அளக்கும் குளிகையும் வந்தது. ஆயினும் உணவுக்குழலை அளப்பதில் நெடுங்காலம் ஆட்சி செய்தது மூக்கு வழியே செலுத்தும் மெல்லிய குழாய்தான். ஒரு நாள் முழுதும் அதைச் சுமக்க வேண்டும். மூக்கில் குழாயும் இடுப்பில் பெட்டியுமாக இருப்பவன் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவானா? வீட்டுக்குள் முடங்கி, இரண்டு வாய் மோர்ச்சாதத்தோடு எழுந்துவிடுவான். கருவி சரியாகவே அளக்கும். ஆனால் அது அவனுடைய வழக்கமான நாளின் அமிலம் அன்று. ஒரு துளி வெந்நீரில் பெரிய வெப்பமானியைத் தோய்த்த கதைதான்!

2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘பிராவோ’ குளிகையின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. எண்டாஸ்கோப்பால் இடம் பார்த்து, உணவுக்குழலின் சுவரில் அதைப் பொருத்துகிறார்கள். 48 மணி நேரம், வேண்டுமானால் 96 மணி நேரம், இடுப்பிலுள்ள பெட்டிக்கு அது செய்தி அனுப்புகிறது. மனிதன் தன் வேலையைப் பார்க்கலாம், தன் சாம்பாரைச் சாப்பிடலாம். சில நாட்களில் குளிகை தானே கழன்று வெளியேறிவிடும். பி.எச். அளவு 4-க்குக் கீழே இறங்கியிருந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள்: மொத்த நேரத்தில் 4 விழுக்காட்டுக்குள் என்றால் இயல்பு, 6-ஐத் தாண்டினால் நோய். எரிச்சல் இருந்தும் அமிலம் ஏறாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆண்டுக்கணக்கான அமில மாத்திரையால் என்ன பயன்?

எல்லா நெஞ்செரிச்சலுக்கும் குளிகை பொருத்தச் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லிச் சில வாரம் மாத்திரை உண்பது முறையே. அதற்கும் அடங்காவிட்டால், அல்லது மாத்திரையை விடவே முடியாவிட்டால், அளந்தே தீர வேண்டும். குளிகையால் சிலருக்கு நெஞ்சு உறுத்தும், உண்மைதான். அதைவிடப் பெரிய உறுத்தல் விலை! ஒரே முறை பயன்படும் பொருள் மாணவன் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது.

இதை இங்கேயே மலிவாகச் செய்ய முடியாதா? உள்ளே இருப்பது ஆன்டிமனி மின்முனை, சிறு மின்கலம், சிறு ஒலிபரப்பி. மூன்றையும் நம் துறைகளில் பாடமாகவே படிக்கிறோம். மின்னணுத் துறை நண்பர் ஒருவர் முன்வந்தால், இரசாயனப் பகுதியை நான் ஏற்றுக்கொள்ளத் தயார்.