ஞாயிறு காலை சித்தன்னவாசலுக்கு ஒரு டவுன் பஸ்

புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் கோட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. இரண்டு ஊருமே புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். திருமயம் காரைக்குடி ரோட்டில் இருக்கிறது, ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி வந்துவிடும். குடுமியான்மலைக்கு நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாவட்டத்தில் எந்தக் கோயிலுக்கு ஜனம் போகிறது, எந்த மலை ஆளில்லாமல் கிடக்கிறது என்பதைப் பெரும்பாலும் பஸ் ரூட்தான் முடிவு செய்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இத்தனை வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நுழைவு வளைவு, பூங்கா, படகு, கார் நிறுத்த இடம் என்று பேச்சு போகிறது. வெளியூரிலிருந்து காரில் வருகிறவருக்கு அவையெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகளும், கீரனூர்ப் பக்கம் களை எடுக்கிற பெண்களும் தங்கள் ஊர் மலையை எப்போது பார்ப்பது? என் கேள்வி அவர்களைப் பற்றியது. அவர்களுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப ஒரு டவுன் பஸ்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்பும் பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். ஆஸ்பத்திரி, சந்தை, கல்யாணம், சாவு என்று ஒரு காரியம் இருக்கும். காரியம் எதுவும் இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறிய பெண்களை நான் அதற்குப் பிறகுதான் கண்டேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு கூட்டம், வேலை இல்லாத நாளில் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக ஏறியது. கூட்டத்தில் மூத்த அம்மா கேட்டார்: "தம்பி, ஏழடிப்பட்டத்துக்கு எங்கன எறங்கணும்? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த மலைய பஸ்சுலேருந்தே பாத்துக்கிட்டுப் போறேன். மேல என்னதான் இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாத்துரணும்." இறங்குமிடத்தைக் காட்டி, திரும்பி வரும் நேரத்தையும் சொல்லி அனுப்பினேன். மதியத்துக்கு மேல் திரும்பும் டிரிப்பில் அதே கூட்டம் ஏறியது. முகமெல்லாம் வெயிலில் கறுத்துப்போய், குரல் மட்டும் உற்சாகமாக: "கல்லுலயே படுக்கையும் தலகாணியும் வெட்டி வச்சிருக்காங்க தம்பி!"

அவர்கள் பார்த்தது இதைத்தான். சித்தன்னவாசல் மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏழடிப்பட்டம் என்கிற குகைத்தளம் வரும். அங்கே 17 கற்படுக்கைகள். சமண முனிவர்கள் படுத்தும் நோன்பிருந்தும் வாழ்ந்த இடம். பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். எழுதியவர்கள் போய் இரண்டாயிரம் ஆண்டாகியும் படுக்கைகள் வழவழவென்றே இருக்கின்றன.

மேற்குப் பக்கத்தில் அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம். மீன், பறவை, யானை, எருமை, குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். எங்கள் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் வெள்ளாமை. கண்மாயில் இறங்கித் தாமரையும் அல்லியும் பறித்து வளர்ந்தவர்கள் அண்ணாந்து அந்த ஓவியத்தைப் பார்க்கும்போது, கையில் தண்டோடு நிற்கிற ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கலை பற்றிப் பெரிதாகப் படித்த என் உறவுக்காரர் ஒருவர் சாயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். உழவு செய்கிற என் தம்பி, எருமை தண்ணீருக்குள் நிற்கிற நிலை எவ்வளவு சரியாக இருக்கிறது என்றான். இரண்டு பார்வையும் வேண்டும். இரண்டாவது பார்வை உள்ளவர்களுக்கு அங்கே போக வழி அமைத்துத் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நார்த்தாமலையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், எனக்கு அதன்மேல் தனி ஈடுபாடு. திருச்சி ரோட்டில் போகிற பாயிண்ட் டு பாயிண்ட் வண்டிகள் அங்கே நிற்காது. மற்ற வண்டியில் வந்து பிரிவு ரோட்டில் இறங்கினால் ஊருக்குள் நடக்க வேண்டும், ஊரைத் தாண்டி மேலமலைக்கு இன்னும் நடக்க வேண்டும். சுற்றிலும் ஒன்பது குன்றுகள், மொட்டைப் பாறைகள். மேலமலையில் ஏறும்போது முதலில் ஒரு சுனை வரும். அந்தச் சுனைத் தண்ணீருக்குள்ளே ஒரு குடைவரையும் லிங்கமும் இருக்கின்றன. நீரை இறைத்தால்தான் தரிசனம். சாமியைத் தண்ணீருக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை அசுத்தம் செய்யாதே என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேலே விஜயாலய சோழீச்சரம். பேரில் சோழன் இருந்தாலும், கட்டியவன் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன், முத்தரையர் குலத்தவன். மழையில் இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். மேற்கு பார்த்த கோயில் அது. எதிரே பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் 12 திருமால் உருவங்கள், ஆளுயரத்துக்கு, வரிசையாக நிற்கிற நிலையில். மற்றொன்று பழியிலி ஈச்சரம். சாத்தன் பழியிலி குடைந்த அந்தக் கோயிலுக்கு முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் அமைத்தவள் அவன் மகள் பழியிலி சிறிய நங்கை. பல்லவன் நிருபதுங்கன் காலத்துக் கல்வெட்டு அவள் பேரை வைத்திருக்கிறது. நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பங்குனியில் பூத்தட்டு சுமந்து வருகிற ஆயிரமாயிரம் பெண்களில் எத்தனை பேருக்கு, பக்கத்து மலையில் ஒரு பெண் கட்டிய மண்டபம் இருப்பது தெரியும்? திருவிழா நாளில் அம்மன் கோயில் வரை பஸ் வருகிறது, அதோடு திரும்பிவிடுகிறார்கள். மலைக்குப் போய் வர நேரம் இருக்காது, வண்டி போய்விடும் என்ற பயம்.

அந்தத் திருவிழாவுக்கு நாங்கள் சிறப்புப் பேருந்து ஓட்டியிருக்கிறோம். மாசி மகத்துக்குக் குளமங்கலம் ஐயனார் கோயிலுக்கும் அப்படித்தான். அங்கே வானத்தை முட்டுகிற மாதிரி ஒரு பெரிய குதிரைச் சிலை நிற்கிறது. அதன் உயரத்துக்குக் காகிதப்பூ மாலை கட்டி வேன் வேனாகக் கொண்டுவந்து சாத்துவார்கள். மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குதிரையே மறைந்துவிடும். கோயிலைச் சுற்றி மரங்கள் அடர்ந்த காடு. ஐயனார் காட்டில் ஒடித்த குச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று என் அப்பத்தா சொல்வார். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்த பிறகு, நிற்கிற மரங்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. கோயில் வேறு, இயற்கை வேறு என்று இங்கே பிரிக்க முடியாது. பாறையே கோயில், சுனையே சந்நிதி, காடே ஐயனாரின் வீடு. திருவிழா நாளில் இத்தனை பேரை ஏற்றி இறக்க நம்மால் முடிகிறது. மற்ற நாளில் ஏன் ஒரு வண்டி கூட இல்லை?

காசு கட்டுப்படியாகாது என்பார்கள். கலெக்‌ஷன் கணக்கு எனக்கும் தெரியும், டிரிப் ஷீட் எழுதியவன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, ஆபீஸ் இல்லை, அதனால் கூட்டம் இல்லை. வெறும் சீட்டை ஓட்டிக்கொண்டு டீசல் எரிக்கிறோம், சில டிரிப்பை நிறுத்தியே விடுகிறோம். நான் கேட்பது அப்படிச் சும்மா கிடக்கிற வண்டியைத்தான். புதுவண்டி வாங்க வேண்டாம். புதுக்கோட்டையில் காலை ஏழு மணிக்கு எடுத்து, சித்தன்னவாசல் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை போய், அங்கிருந்து ஊர் திரும்பட்டும். அதே வண்டி மதியம் இன்னொரு சுற்று வரட்டும். முதல் சுற்றில் சித்தன்னவாசலில் இறங்கியவர்கள் அடுத்த சுற்றில் ஏறிக் குடுமியான்மலை போகலாம். சாமி பார்க்கலாம், மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்கலாம், கோயிலுக்குப் பின்னே பாறையில் ஏழு பண்களுக்கு வெட்டிவைத்த சுரக் குறிப்புகளையும் பார்க்கலாம். அதை வெட்டியவன் மகேந்திரவர்மனா இல்லையா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். பாட்டைக் கல்லில் எழுத நினைத்த ஒருவன் நம் ஊரில் இருந்தான் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் போதும்.

நான் கவலையோடு சொல்ல வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் பாறை ஏராளம், அதை உடைக்கும் குவாரிகளும் ஏராளம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010 சட்டத்திருத்தம் சொல்கிறது. பட்டியலில் இல்லாத பாறைக்கு அந்தக் காவல் கிடையாது. ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே வந்தவன் கண்முன்னால் சில குன்றுகள் குழியாகிவிட்டன. ஜனம் ஏறி இறங்குகிற மலையில் கை வைக்க யாரும் யோசிப்பார்கள். சுனையில் கால் நனைத்த பிள்ளை, நாளைக்கு அந்தச் சுனைக்காகக் கிராம சபையில் எழுந்து பேசும். பார்க்காத பிள்ளை எதற்காகப் பேசும்?

வண்டி விட்டால் மட்டும் போதாது என்பதும் தெரியும். மலையடிவாரத்தில் பெண்கள் போய்வரக் கழிப்பறை, பூட்டாமல், தண்ணீரோடு. குடிக்க ஒரு குழாய். சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் மொட்டைப் பாறையில் கால் வைக்க முடியாது, ஆகவே கோடையில் முதல் வண்டி ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். இறங்கும் இடத்தில், திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. எந்தச் சுற்றுலாப் பலகையைவிடவும் அந்த நேரப் பலகைதான் ஜனத்துக்குத் தைரியம் தரும். பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் டீச்சர்களும் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறினால் வண்டி நிறைந்துவிடும்.

சித்தன்னவாசல் வண்டி ஆறு மாதம் ஓடிப் பழகியதும் நார்த்தாமலைக்கு இரண்டாவது வண்டி. அதற்கு நேரம் போடுகிற அதிகாரி ஒன்றை மனதில் வைக்க வேண்டும். விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்தது, அங்கே பொழுது இறங்குவதைப் பார்க்காமல் யாரையும் கீழே கூப்பிடக் கூடாது. கடைசி வண்டி, இருட்டுவதற்குள் பாறையை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்து வந்துசேர அவகாசம் கொடுத்து, ஏழரை மணிக்கு மேல்தான் எடுக்க வேண்டும்.