கடைசிப் பூ என்ற பொய்

நம் இணையக் கவிதைகளில் ‘இலையுதிர் காலம்’ படும் பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். காதல் முறிந்தால் இலையுதிர் காலம். அப்பாவுக்கு வயதானால் இலையுதிர் காலம். வேலை போனாலும் அதேதான். எழுதுகிறவர் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தால் ஐப்பசி மழையில் வேப்பமரம் பச்சைப்பசேலென்று நிற்கும். நம்மூரில் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஆனாலும் கவிதையில் அக்டோபர் மாதம் மஞ்சள் இலை விழுந்தே தீரும்! இரவல் வாங்கிய சோகம் இது. சரி, இரவல் கொடுத்த ஊரிலாவது அந்தச் சோகம் உண்மையா என்று கேட்டால், அங்கேயும் இல்லை என்பதுதான் என் வாதம்.

குளிர்நாட்டுத் தோட்டக்கலையில் பாறைத் தோட்டம் என்று ஒரு வகை உண்டு. மலைச்செடிகளுக்காகப் பாறைகளை அடுக்கி, இடையில் சரளையும் மணலும் கலந்த மண்ணை இட்டு, தண்ணீர் தேங்காமல் வடியும்படி அமைப்பது. லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் ஒன்று அமைத்தார்கள். ரெஜினால்ட் ஃபாரர் 1907இல் ‘மை ராக் கார்டன்’ எழுதியபின் அது இங்கிலாந்தில் ஒரு பித்தாகவே ஆனது. ஹென்லியில் ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற பணக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கே ஒரு நகல் கட்டினார். பிற்பாடு பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் வாங்கிய ஃபிரையர் பார்க் அதுதான்.

இந்தப் பாறைத் தோட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில் பூப்பதற்கென்றே சில கிழங்குச் செடிகள் உண்டு. ஊதாநிறக் கோல்ச்சிகம், நீலம் கலந்த குரோக்கஸ் ஸ்பெசியோசஸ், பொன்மஞ்சள் ஸ்டெர்ன்பெர்கியா, இளஞ்சிவப்பு சைக்ளமன். தோட்டப் புத்தகங்களும் விற்பனைப் பட்டியல்களும் இவற்றுக்கு வைத்திருக்கும் அடைமொழி ஒன்றுதான்: ஆண்டின் கடைசிப் பூக்கள். பனிக்காலத்துக்கு முன்னால் இயற்கை காட்டும் கடைசிப் புன்னகையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சைப் பொய்.

இவற்றில் பெரும்பாலானவற்றின் சொந்த ஊர் மத்தியதரைக் கடலைச் சுற்றிய மலைகளும் துருக்கியும். அங்கே கொல்வது கோடைதான். மாதக்கணக்கில் மழை இருக்காது, மண் வெந்து கிடக்கும். அந்த நாட்களில் இந்தக் கிழங்குகள் மண்ணுக்குள் உறங்கும். கோடை தணிந்து முதல் மழை விழும்போது விழிக்கும். வேர் விடும், பூக்கும். ஐவியைப் போன்ற இலையுடைய சைக்ளமன் பூவுக்குப் பின்னாலேயே இலையையும் அனுப்பி, குளிர்காலம் முழுக்க வெயில் குடித்து, அடுத்த கோடையில்தான் உறங்கப் போகும். அதன் நாட்காட்டியில் செப்டம்பர் என்பது சித்திரை ஒன்று. புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருப்பவன் வாசலில் போய் ஒப்பாரி வைத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கோல்ச்சிகத்தின் கதை இன்னும் சுவாரசியம். இலையே இல்லாமல் மொட்டையாகப் பூ மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். நாம் தண்டு என்று நினைப்பது உண்மையில் பூவின் நீண்ட குழாய். சூலகம் மண்ணுக்கடியில், பனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது. கரு குளிர்காலத்தை அங்கேயே கழித்து, வசந்தத்தில் இலைகளோடு காயாக மேலே வரும். பூ ஒரு வருடம், காய் மறு வருடம். காயைப் பார்த்துவிட்டுப் பூவைப் பார்த்த பழைய ஐரோப்பிய மூலிகை வைத்தியர்கள் தலை சுற்றிப்போய், இதற்கு ‘தகப்பனுக்கு முன் பிறந்த பிள்ளை’ என்று லத்தீனில் பெயரே வைத்தார்கள். இதையா கடைசிப் பூ என்கிறோம்?

உடனே யாராவது ஜென்ஷியனைக் கொண்டுவருவார்கள். ஜார்ஜ் ஃபாரஸ்ட் யுன்னான் மலைகளிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஜென்ஷியானா சினோ-ஆர்னாட்டா, கோடை முழுக்க வளர்ந்து, இலையுதிர் காலத்தில் கருநீலமாகப் பூத்துக் குளிரில் அடங்கிவிடுகிறதே, அது முடிவுதானே? நியாயமான கேள்வி. ஆனால் அது பருவமழை மலைகளின் செடி. மழையில் உண்டு வளர்ந்து, மழை ஓயும்போது பூக்கிறது. அறுவடை அது. காஷ்மீரின் பாம்பூரில் அக்டோபர் கடைசியில் குங்குமப்பூ பறிக்கிற விவசாயியிடம் போய், ‘ஐயோ, கடைசிப் பூ’ என்று சொல்லிப் பாருங்களேன். அதுவும் ஒரு குரோக்கஸ்தான். ஆக, ஒரே பாறைத் தோட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. சரளைப் பக்கம் மத்தியதரைக் கடலின் கடிகாரம், ஈரமான அமில மண் பக்கம் யுன்னானின் கடிகாரம். இரண்டிலும் சோக நேரம் என்று ஒரு முள் கிடையாது.

‘அட, பூவைப் பார்த்து நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவு கோபமா?’ என்று கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு செடியின் காலத்தை மறந்தவர்கள் அதன் வாழ்க்கையையும் மறக்கிறார்கள். கடைசிப் பூ உதிர்ந்தால் செடியின் கதை முடிந்தது என்று நம்புகிறவர், வசந்தத்தில் தடித்துப் பரவும் கோல்ச்சிக இலைகளைப் பார்த்து, ‘அசிங்கமா இருக்கே’ என்று வெட்டிவிடுகிறார். கிழங்கு சோறு உண்ணும் நேரமே அதுதான். உறங்கும் கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். கிழங்கு அழுகுகிறது. பரவாயில்லை, விலை மலிவு, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகள் துருக்கியின் மலைகளிலிருந்து சைக்ளமன், ஸ்டெர்ன்பெர்கியா, பனித்துளிப்பூக் கிழங்குகளைக் கோடிக்கணக்கில் தோண்டி ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். தோண்டிய கிராமத்தானுக்குச் சில்லறை, லாபம் எல்லாம் கடல் தாண்டி. இன்று இம்மூன்று பேரினங்களும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1990களில் டாரஸ் மலைக் கிராமங்களில் பனித்துளிப்பூவை வயலில் பயிரிட்டு விற்கும் முயற்சியும் தொடங்கியது. அதாவது, வழி இல்லாமல் இல்லை. வாங்குகிறவன் ‘இது எந்த ஊர்க் கிழங்கு?’ என்று கேட்காததுதான் பிரச்சினை. சைக்ளமன் கிழங்கு பல பத்தாண்டுகள் உயிர்வாழக்கூடியது. பூத்து முடிந்ததும் காம்பைச் சுருள்வில்லாகச் சுருட்டி விதைக்காயை மண்ணருகே இறக்கி வைக்கும். விதைமேல் இருக்கும் இனிப்புக்காக எறும்புகள் தூக்கிப்போகும். அவ்வளவு பொறுமையான ஏற்பாட்டை ஒரு மண்வெட்டி ஒரு நொடியில் முடித்துவிடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் தோட்டத்துப் பிரச்சினை என்று ஒதுங்க முடியாது. நம் செங்காந்தள் கோல்ச்சிகத்தின் குடும்பக்காரி. இரண்டிலும் இருப்பது கோல்ச்சிசின் என்ற ஒரே நஞ்சு, மூட்டுவாதத்துக்கு ஒரே மருந்து. வறண்ட மாதங்களில் கிழங்காகக் கிடந்து, மழைக்கு முளைத்து, கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால்தான் அதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். நடவுக் கிழங்குக்காகக் காட்டுச் செடிகள் தோண்டப்பட்ட கதையும் இங்கே உண்டு. மாநில மலர் என்று மேடையில் பெருமை பேசுவோம், வேலியோரத்தில் அது காணாமல் போனதைக் கவனிக்க மாட்டோம்.

சங்கப் புலவர்களிடம் இந்தக் குழப்பம் இல்லை. காருக்கு என்ன பூ, கூதிருக்கு என்ன பூ என்று அவர்களுக்குத் தெரியும். பூவை முதலில் அதன் மண்ணிலும் பொழுதிலும் பார்த்தார்கள், துக்கத்தைப் பிறகு சேர்த்தார்கள். நாம் துக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டு பூவைத் தேடுகிறோம்.

ஆகவே, இளங்கவிகளே, இலையுதிர் காலத்தைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், தடையில்லை. எழுதும் முன் அந்தப் பூ எப்போது விழிக்கிறது, எதற்காக விழிக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள். குளிர்நாட்டில் இருந்துகொண்டு தொட்டியில் ஒன்று வைக்க ஆசைப்பட்டால், வயலில் வளர்த்த கிழங்கா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். விதையிலிருந்து வளர்த்தால் பூ வரச் சில வருடங்கள் ஆகும். ஆகட்டுமே. அந்தச் செடிக்கு அவசரம் இல்லை.