காலம் கடந்த கையெழுத்து வேண்டாம்

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்திலிருந்து மதுரைக்கு வண்டி எடுக்கும் ஓட்டுநருக்கும், நாகர்கோவிலில் நகரப் பேருந்து ஓட்டுபவருக்கும் ஊதிய விகிதம் ஒன்றுதான். எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் பணிபுரியும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே ஊதிய ஒப்பந்தம். இந்த ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது. கழகம் கழகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், மலைக்கிராமத்துக்குப் பேருந்து விடும் கழகத்தின் நடத்துநருக்குச் சம்பளம் குறையும். வசூல் இல்லாத தடம் அவர் செய்த குற்றமல்ல.

ஒரே ஒப்பந்தத்தில் அபாயமும் உண்டு. பேச்சு முறிந்தால் மாநிலமே நிற்கிறது. 2018 ஜனவரியில் சில தொழிற்சங்கங்கள் கையெழுத்திட, மற்றவை மறுத்து வேலைநிறுத்தம் செய்ததால், பொங்கலுக்கு முந்தைய ஒரு வாரம் ஊருக்குப் போக முடியாமல் மக்கள் தவித்தார்கள். 2024 பொங்கலுக்கு முன்பும் வேலைநிறுத்தம் நடந்தது.

இந்த முறிவுகளுக்கு வேர் தாமதம். 2016 செப்டம்பரில் தொடங்க வேண்டிய 13-வது ஒப்பந்தம் 2018-இல் வந்தது. 2019-இல் வர வேண்டிய 14-வது, 2022 ஆகஸ்டில் 5 சதவீத உயர்வோடு கையெழுத்தானது. 2023-க்கான 15-வது, 2025 மே மாதத்தில் 6 சதவீதத்தோடு முடிந்தது. அதன் காலம் 2026 ஆகஸ்ட் 31 வரைதான். ஒவ்வொரு முறையும் விலைவாசி முன்னே ஓட, சம்பளம் பின்னால் வருகிறது. வங்கி ஊழியர்களின் 12-வது இருதரப்பு ஒப்பந்தமும் தாமதமாக, 2024 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ஆனால் 17 சதவீத உயர்வு 2022 நவம்பர் முதலே கணக்கிடப்பட்டது. பேருந்துத் தொழிலாளர்களுக்கும் அதே நியாயம் வேண்டும்: ஒப்பந்தம் எப்போது முடிந்தாலும், முந்தையது காலாவதியான மறுநாளிலிருந்து முழு நிலுவை.

கழகங்களிடம் பணமில்லை என்பார்கள். கட்டணத்தைத் தீர்மானிப்பது கழகமல்ல, அரசு. 2018-க்குப் பிறகு சாதாரணக் கட்டணம் உயரவில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். இரண்டும் மக்களுக்கு நல்லவை, தொடரட்டும். அவற்றின் செலவை அரசு முழுதாக ஏற்க வேண்டும். ஓட்டுநரின் சம்பளத்தில் கைவைத்து ஈடுகட்டக் கூடாது. நிதித்துறை முதல் நாளிலிருந்தே பேச்சுவார்த்தை மேசையில் இருந்தால்தான் இது நடக்கும்.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்பந்த முறையில் எடுக்கப்படும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அதே வண்டியில், அதே நெரிசலில் வேலை செய்கிறார்கள். அவர்களைத் தவிர்த்து எழுதும் ஒப்பந்தம், நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் மலிவான ஆட்களை எடுக்க நிர்வாகத்துக்கு வழி திறந்துவிடுகிறது. அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அவர்களது ஊதியமே முதல் வரியாக இருக்கட்டும். அதற்கான பேச்சு, நடப்பு ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.