கடற்போர் ஓவியத்தின் நகல் வாங்கப் போறீங்களா? முதல்ல படத்தின் அடிப்பகுதியைப் பாருங்க

1/ புகழ்பெற்ற கடற்போர் ஓவியங்களை "கையால் வரைந்த ஆயில் பெயின்டிங் நகல்" என்று ஆன்லைனில் விற்கிறாங்க. காப்பியை வாங்கி மாட்டுறது அசிங்கம்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகல்னு சொல்லியே விற்கிற வரைக்கும் அது மோசடி இல்லை, உழைப்பு. என் கவலை வேற. நகலெடுக்கும்போது எதை விட்டுடறாங்க என்பதுதான்.

2/ ஒரு உதாரணம். டர்னர் வரைந்த 'டிராஃபால்கர் போர்'. 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் கரையோரம் நடந்த போர். பிரிட்டன் பக்கம் 27 பெரிய போர்க்கப்பல்கள், பிரான்ஸ்-ஸ்பெயின் பக்கம் 33. அரசர் நான்காம் ஜார்ஜ் கேட்டு 1822-24ல் டர்னர் வரைந்தார். இப்போ லண்டன் கிரீனிச்சில் இருக்கு.

3/ இதை வரலாற்று ஆவணமா எடுத்துக்க முடியாது. போருக்கு முன் ஏற்றிய சிக்னல் கொடி, நடுப்பகலில் முறிந்த பாய்மரம், மாலையில் எரிந்த கப்பல் எல்லாத்தையும் ஒரே காட்சியில் வச்சிட்டார். கடற்படைக்காரங்க அப்பவே குறை சொன்னாங்க.

4/ ஆனா ஒரு விஷயத்தில் டர்னர் பொய் சொல்லலை. படத்தின் கீழே பாருங்க. தண்ணீரில் மனுஷங்க. உடைந்த மரத்தையும் கயிற்றையும் பிடிச்சுத் தொங்குறவங்க, படகில் குவிஞ்சு கிடக்கிறவங்க. வெற்றியைக் கொண்டாட அரசர் கேட்ட படத்தில், பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே இவங்களை வச்சிருக்கார்.

5/ இப்போ நகலுக்கு வருவோம். மூலப்படம் 3.6 மீட்டருக்கும் மேல் அகலம். நீங்க ஹாலுக்கு வாங்குறது 3 அடி. அதாவது நாலில் ஒரு பங்கு. பாய்மரமும் புகையும் வானமும் சின்னதானாலும் அழகா இருக்கும். மூலத்தில் இரண்டு அங்குலம் இருக்கும் ஒரு முகம் நகலில் அரை அங்குலம்தான். அவசரத்தில் வரையும் கை அதை ஒரு பழுப்புப் புள்ளியாக்கிடும். முதல்ல காணாமல் போறவங்க தண்ணீரில் கிடக்கிறவங்கதான்.

6/ ஒரு டாக்டரா எனக்கு இது ஏன் உறுத்துது? டர்னர் வரைந்த 'விக்டரி' கப்பலில் மட்டும் அன்று 57 பேர் செத்தாங்க. நீர்மட்டத்துக்குக் கீழே, லாந்தர் வெளிச்சத்தில், சர்ஜன் வில்லியம் பீட்டி கை கால்களை வெட்டி எடுத்துக்கிட்டிருந்தார். மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து வெளிப்படையா ஆபரேஷன் செய்து காட்டினது 1846ல்தான்.

7/ அதே இடத்துக்குத்தான் தளபதி நெல்சனையும் தூக்கிட்டு வந்தாங்க. குண்டு இடது தோளில் நுழைந்து, நுரையீரலைத் துளைத்து, முதுகெலும்பில் பாய்ந்திருந்தது. தனக்கு இனி செய்ய ஒன்றுமில்லை, பிழைக்கக் கூடியவங்களைப் போய்ப் பாருங்கன்னு அவரே சர்ஜனை அனுப்பினதா பீட்டி எழுதி வச்சிருக்கார். இன்னிக்கு எமர்ஜென்சி வார்டில் டிரையாஜ்னு சொல்றோமே, அதன் சாரம் இதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கி, மாலை 4.30 வாக்கில் உயிர் பிரிந்தது.

8/ இந்தச் சாவையும் இரண்டு விதமா வரைஞ்சாங்க. பெஞ்சமின் வெஸ்ட் 1806ல் நெல்சனை மேல்தளத்தில், நல்ல வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவே சாக வச்சார். இருட்டறையில் நோயாளி மாதிரி சாவது வீரனுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். ஆர்தர் டெவிஸ் 'விக்டரி' கப்பலுக்கே போய்ப் பார்த்து, அந்த இருட்டறையையே வரைந்தார். நிமிர்ந்து நிற்க முடியாத அளவு தாழ்வான கூரையை அவரும் உயர்த்திட்டார்தான். ஆனா நாடி பிடிக்கும் டாக்டர், தலையணையைத் தாங்கும் கை, மார்பைத் தடவிக் கொடுக்கும் பாதிரியார் எல்லாம் அதில் உண்டு.

9/ நோயாளி மாதிரி சாவதில் என்ன கேவலம்? நாம எல்லோரும் ஒருநாள் அப்படித்தான் போகப் போறோம். கையைப் பிடிச்சுக்க நாலு பேர் இருந்தா அது நல்ல சாவு.

10/ அதனால என் கருத்து இதுதான். நகல் தாராளமா வாங்குங்க. ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று விஷயம்:
- முழுப்படத்தை மட்டும் பார்க்காம, கீழ்ப்பகுதியை அருகில் எடுத்த போட்டோ கேளுங்க.
- இடம் இருந்தா பெரிய அளவா வாங்குங்க. மனுஷங்களை வரையக் கூடுதல் நேரம் ஆகும், அதுக்கான கூலியைப் பேரம் பேசாதீங்க.
- வரைந்தவரைப் பின்பக்கம் தன் பெயரையும் 'நகல்' என்ற வார்த்தையையும் எழுதச் சொல்லுங்க.

11/ வீட்டுக்கு வரும் குழந்தை அந்தப் படத்தைப் பார்த்து "யாரு ஜெயிச்சாங்க?"னு கேட்கும். பதில் சொல்லுங்க. அடுத்து "தண்ணியில இருக்கிறவங்க யாரு?"னும் கேட்கணும். அதுக்கு அவங்க படத்தில் இருக்கணும் இல்லையா?