வேட்டைக்கு விட்ட முயலும் தூண்டிலுக்கு விட்ட மீனும்



மலேசியாவின் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் பீகாக் பாஸ், அமேசான் படுகைக்கு உரிய, பிற மீன்களை விழுங்கி வளரும் ஓர் அயலினம், அதாவது தன் இயற்கை எல்லைக்கு வெளியே மனிதரால் கொண்டுசெல்லப்பட்ட உயிரினம் ஆகும். விளையாட்டுக்காக அயலினங்களை விடுவதன் விலையை ஆஸ்திரேலியா முன்பே கொடுத்தது: 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலவுடைமையாளர் வேட்டைக்காக விக்டோரியாவில் விட்ட சில முயல்கள் கண்டமெங்கும் பெருகிப் புல்வெளிகளை மொட்டையாக்க, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-இல் முடிந்த 1,800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேலியாலும் அவற்றைத் தடுக்க இயலவில்லை. பனாமாவின் காத்தூன் ஏரியில் பீகாக் பாஸ் புகுந்தபின் உள்நாட்டுச் சிறுமீன்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆற்றுக்கு வேலி போட வழியே இல்லை என்பதால், எங்கள் பகுதியின் கெசாங் ஆற்றிலும் சுங்கை ரம்பாய்த் தோட்டக் கால்வாய்களிலும் விராலும் கெளுத்தியும் நிலைத்திருக்க, அயல்மீன்கள் விடப்படுவதை மீன்வளத் துறை கண்டிப்புடன் தடுக்க வேண்டும்.

வாசகர்,
சுங்கை ரம்பாய், மலாக்கா