மறதிக்கு வயது மட்டுமா காரணம்?

நாற்பது ஆண்டுகள் பஞ்சாலையில் நின்று அறுந்த இழையை ஒட்டிக் கொடுத்த தொழிலாளி, இன்று வாங்க வந்த சாமானின் பெயர் நினைவுக்கு வராமல் கடை வாசலில் நிற்கிறார். ஆயுள் முழுவதும் நாற்று நட்ட அம்மா, அடுப்பில் உலை வைத்ததை மறந்துவிடுகிறார். நாம் என்ன சொல்கிறோம்? "வயசாகிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டது" என்கிறோம். அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது. திண்ணையில் ஒரு பாய், ஒரு சொம்பு தண்ணீர், மிஞ்சிய கஞ்சி.

இந்தத் தீர்ப்பு சரிதானா? பல வீடுகளில் சரியாக இருக்கலாம். எல்லா வீடுகளிலும் சரியல்ல என்று மருத்துவ விஞ்ஞானம் சொல்கிறது. முதியவர்களின் மறதியில் ஒரு பகுதி, பி வகை வைட்டமின்களின் குறைவால் வருவது. காலத்தில் கண்டுபிடித்தால் அதைத் திருத்தலாம். தாமதித்தால் திருத்த முடியாமலே போகலாம். ஆகவே இதைத் தலையெழுத்து என்று விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

ஆலைக் கிராமங்கள் சொன்ன பாடம்

சோற்றுத் தட்டுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்ததைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெலக்ரா என்ற வியாதி பரவியது. தோல் கருகி உரியும்; வயிறு போகும்; பிறகு புத்தி கலங்கும்; கடைசியில் சாவு. மனநோய் ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் நிரம்பினார்கள். இது தொற்று நோய் என்று பெரிய டாக்டர்கள் பலர் சாதித்தார்கள்.

1914-ல் அமெரிக்க சர்க்கார் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டரை இதை ஆராய அனுப்பியது. அவர் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார். விடுதிகளில் அடைபட்டிருந்தவர்களுக்கு நோய் வந்தது. இரவு பகலாக அவர்களோடு பழகிய ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்று நோய் என்றால் ஆள் பார்த்தா வரும்?

1916-ல் அவரும் பொருளாதார நிபுணர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கரும் தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் நோய் அதிகம். வருமானம் ஏற ஏற நோய் குறைந்தது. ஏழைத் தொழிலாளியின் தட்டில் இருந்தவை மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும் பன்றிக் கொழுப்பும். பாலும் புதிய இறைச்சியும் அதில் அபூர்வம். குறைந்த சத்து நியாசின், அதாவது பி-3 என்பது 1937-ல் தெரிந்தது. கூலி குறைந்தது; அதனால் தட்டு வற்றியது; அதனால் புத்தி கலங்கியது. வரிசை இதுதான்.

நம் நாட்டிலும் பஞ்சாலைப் பெண்களின் துன்பத்திலிருந்தே இந்த அறிவு பிறந்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். ஆலையில் வேலை செய்த கர்ப்பிணிகளை வாட்டிய ரத்த சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் அவர் வேலை தொடர்ந்தது. விலை மலிவான ஈஸ்ட் சாறு இந்த நோயைத் தீர்க்கிறது என்று 1931-ல் எழுதினார். அதில் இருந்த சத்துக்குத்தான் பின்னர் ஃபோலிக் அமிலம், பி-9 என்று பெயர் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு, 1945-ல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டியது.

முதியவரைத் தாக்குவது எது?

முதியவர்கள் விஷயத்தில் முக்கியமானது பி-12. 1948-ல் இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நரம்பின் மேலுறையைக் காப்பதும் ரத்த அணுக்களை உருவாக்க உதவுவதும் இதன் வேலை. நாளொன்றுக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்; கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அது அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, கீரையில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றில்தான் இருக்கிறது. இவற்றில் எது கூலிக்காரன் வீட்டில் நாள்தோறும் கிடைக்கிறது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

கிடைப்பதும் யாருக்குப் போகிறது? முட்டை பிள்ளைக்கு, மீன் துண்டு வேலைக்குப் போகிறவருக்கு, கிழவிக்குக் குழம்பின் அடி. வசதியுள்ள வீட்டிலும் மரக்கறி மட்டும் உண்பவர்கள் போதிய பால் குடிக்காவிட்டால் இந்தக் குறை வரும் என்பது உண்மையே. ஆனால் அங்கே குறை தெரிந்தால் வாங்கி உண்ணக் காசு இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. வயது ஏறினால் பலருக்கு வயிற்றில் அமிலம் குறைகிறது. உண்ட உணவிலிருந்தே பி-12 சரியாகப் பிரியாது. சர்க்கரை வியாதிக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டாலும், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்றவற்றை நீண்ட காலம் விழுங்கினாலும் பி-12 குறையலாம். அதற்காக அந்த மாத்திரைகளை நாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொல்லி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும். ஆகவே குறை மெதுவாக, சத்தமில்லாமல் வரும். பாதம் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், நாக்குப் புண், ஓயாத களைப்பு, மறதி, குழப்பம் இவை அறிகுறிகள். ரத்த சோகை இல்லாமலே நரம்பு கெடுவதும் உண்டு. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கடையில் கேட்டு ஏதோ ஒரு சிவப்பு டானிக் வாங்கிக் குடிப்பது போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

டானிக் வியாபாரம்

அப்படியானால் எல்லா முதியவர்களும் பி வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கினால் ஞாபகசக்தி பெருகுமா? வியாபாரி "ஆமாம்" என்பான். ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பி-6, பி-9, பி-12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் கூடும். 2010-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். லேசான மறதி இருந்த, 70 வயதைத் தாண்டிய முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மூன்று வைட்டமின்களையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சத்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். வைட்டமின் பெற்றவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஹோமோசிஸ்டீன் மிகவும் கூடியிருந்தவர்களுக்கு அந்த வேகம் பாதியாகக் குறைந்தது.

ஆனால் 2014-ல் 11 சோதனைகளை, சுமார் 22,000 பேரின் கணக்கை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஞாபகசக்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஏன் இந்த வேறுபாடு? நிபுணர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் பலர் குறை இல்லாதவர்கள் என்பது ஒரு சாரார் வாதம். வயிறு நிறைந்தவன் இலையில் இன்னொரு பிடி சோறு வைத்தால் என்ன பலம் கூடும்?

ஆகவே நாம் இரண்டு பக்கமும் ஏமாறக் கூடாது. மறதி எல்லாமே வைட்டமின் குறைவால் வருவதல்ல. அல்சைமர் நோயும், மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைப்பும் வேறு காரணங்கள். அவற்றைப் பி-12 ஊசி தீர்க்காது. குறை உள்ளவருக்கு அதைத் தீர்ப்பது மருத்துவம். குறை இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லோருக்கும் விற்பது வியாபாரம். மூளை டானிக் என்று வண்ணப் புட்டியில் வருவதற்குக் கொடுக்கும் காசில், பாட்டிக்குச் சில நாள் முட்டை வாங்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

முதலில், வீட்டில் முதியவருக்கு மறதியோ தள்ளாட்டமோ தோன்றினால் "வயசு" என்று மூடிவிடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோம். பி-12 குறையா என்று பார்க்கும்படி வாய் திறந்து கேட்போம். குறை இருந்தால் ஊசியும் மாத்திரையும் உண்டு.

இரண்டாவது, இந்தப் பரிசோதனை ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது, நல்ல காரியம். மாத்திரை தேடி வரும்போது, அந்த மாத்திரையால் குறையக்கூடிய சத்தின் பரிசோதனையும் தேடி வரட்டும் என்று கேட்பது பேராசையா?

மூன்றாவது, தட்டு. 2014-ல் மத்திய சர்க்கார் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். இதில் பால் வாங்குவதா, முட்டை வாங்குவதா, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவதா? வயலில் உழைத்தவருக்கு அந்த ஓய்வூதியமும் கிடையாது. கௌரவமான ஓய்வூதியம் கேட்பது தர்மம் கேட்பதல்ல. உழைத்து ஓய்ந்தவரின் அறிவையும் நினைவையும் காப்பாற்றக் கேட்பது.

அந்தத் தலைகளில் இருப்பது சாதாரணச் சரக்கல்ல. எந்த வயலில் எப்போது தண்ணீர் கட்டுவது, எந்த ஆண்டு எந்த ஆலையில் என்ன கூலிக்குப் போராடினோம் என்ற அறிவு அங்கே இருக்கிறது. ஓர் ஊசி போதுமாக இருந்த இடத்தில் அதை அழிய விடுவது நமக்கே நஷ்டம். இன்று இரவு பந்தி வைக்கும்போது முட்டையில் பாதியை முதியவர் தட்டில் வைப்போம். நாளைக் காலை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்.